பியானோ இசையைத் தனிக் கிட்டாருக்கு மாற்றி எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பியானோ நொட்டேஷனை எதிரில் வைத்து, முதல் பாரிலிருந்து ஒவ்வொரு நோட்டாகக் கிட்டாரில் தேடிக்கொண்டு போவதுதான் புதிதாக இதில் இறங்குபவர்கள் வழக்கமாகச் செய்வது. நாலைந்து பார் நன்றாகவே போகும். பிறகு ஓர் இடத்தில் விரல் போதாது. அங்கே ஒரு நோட்டை விடுவார்கள், அடுத்த பாரில் இன்னொன்றை. கடைசியில் மிஞ்சுவது ஓட்டை விழுந்த பியானோ இசைதான். கிட்டார் இசையாக அது ஆகியிருக்காது.

சிக்கல் திறமையில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. நடுவில் ஒலிக்கும் கார்ட் நோட்டுகளை, அதாவது நடுக் குரல்களை, கடைசியில்தான் தொட வேண்டும். அதற்கு முன் கீ, மெலடி, பேஸ், டியூனிங் நான்கும் முடிவாகியிருக்க வேண்டும். உதாரணத்துக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1888இல் பியானோவுக்கு எழுதிய ஜிம்னோபெடி எண் 1 என்ற துண்டின் முதல் எட்டு பார்களை எடுத்துக்கொள்வோம். மெதுவான நடை, டி மேஜர், பாருக்கு மூன்று பீட். பார்க்க எளிது, ஆனால் மாற்றி எழுதுவதில் வரும் சிக்கல்களில் பாதி இந்த எட்டு பாருக்குள்ளேயே வந்துவிடும்.

குறியீடு ஒன்று: 4/2 என்றால் நான்காம் கம்பி, இரண்டாம் ஃபிரெட். மிக மெல்லிய கம்பிதான் முதல் கம்பி. 4/0 என்றால் நான்காம் கம்பியை அழுத்தாமல் ஓப்பனாக மீட்டுவது. இடது கை விரல்கள் சுட்டுவிரலிலிருந்து 1, 2, 3, 4.

1. உட்காரும் முன் வேண்டியவை

மூலப் பியானோ நொட்டேஷன் வேண்டும். யாரோ எளிமைப்படுத்திய பதிப்பு வேண்டாம்; அதில் எந்த நோட்டை அவர் ஏற்கெனவே வெட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. பேஸ் கிளெஃப் தடுமாறாமல் படிக்கத் தெரிய வேண்டும். பென்சில், ரப்பர், வெற்று ஸ்டாஃப் தாள், கையில் கிட்டார்.

மியூஸ்ஸ்கோர் போன்ற நொட்டேஷன் எழுதும் மென்பொருளைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பியில் இரண்டு நோட்டை ஒரே நேரத்தில் எழுதினாலும் அது குறை சொல்லாமல் வாசித்துக் காட்டும். காதுக்கு நன்றாக இருக்கிறதே என்று முழுத் துண்டையும் எழுதி முடித்துவிட்டு, கிட்டாரை எடுத்த பிறகு தலையில் கை வைப்பவர்கள் நிறைய.

வெளியிடும் எண்ணம் இருந்தால் காப்புரிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. சாட்டி இறந்தது 1925இல் என்பதால் இங்கே தொல்லை இல்லை. ஆனால் வேறொருவர் செய்த கிட்டார் வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை இருக்கலாம். அதைப் பார்த்து நகல் எடுப்பது வேறு விஷயம்.

2. துண்டைத் தேர்ந்தெடுப்பது

வேகமான ஆக்டேவ் ஓட்டம், இரண்டு கையிலும் நிறைந்த கார்ட், ஐந்தாறு ஆக்டேவ் பரப்பு இவை இருந்தால் முதல் முயற்சிக்கு வேண்டாம். ஒரு நேரத்தில் மூன்று, அதிகம் போனால் நான்கு நோட் ஒலிக்கும் துண்டு போதும். வலது கையில் நாம் பயன்படுத்துவது பெருவிரலும் அடுத்த மூன்று விரல்களும். ஒரே நேரத்தில் நான்கு நோட்டுக்கு மேல் வேண்டுமென்றால் உருட்டித்தான், அதாவது கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத்தான், மீட்ட வேண்டும்.

கீயை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஷோபினின் ஓபஸ் 28, எண் 4 பிரிலூட் ஈ மைனரில் இருக்கிறது. கிட்டாருக்கு அதைவிட வசதியான கீ கிடையாது என்று தோன்றும். இடது கையின் முதல் கார்ட் ஜி, பி, ஈ. அப்படியே மூன்று ஓப்பன் கம்பிகள்! ஆனால் அதற்கு மேலே மெலடியில் பி நீண்டு நிற்கிறது. அதற்கும் முதல் கம்பிதான் வேண்டும். கார்டின் ஈ முதல் கம்பியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கார்டை 4/5, 3/4, 2/5 என்று மேலே தூக்க வேண்டியிருக்கிறது, மெலடி 1/7க்குப் போகிறது. ஓப்பன் கம்பிகளின் லாபம் முதல் பாரிலேயே போயிற்று. பிறகு கார்ட் அரை ஸ்டெப், அரை ஸ்டெப்பாக இறங்க, மெலடியைப் பிடித்த விரலை எடுக்கவும் முடியாது. செய்யலாம்தான், முதல் வேலையாகச் செய்யக் கூடாது.

3. ஆக்டேவ் கணக்கு

இந்த இடத்தைப் பலர் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். கிட்டார், நொட்டேஷனில் எழுதியிருப்பதைவிட ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கிறது. பியானோவின் வலது கை ஸ்டாஃபைப் பார்த்து அப்படியே கிட்டாரில் வாசித்தால், உங்களுக்குத் தெரியாமலே மெலடி ஓர் ஆக்டேவ் இறங்கிவிடும். பேஸ் கிளெஃபில் இருப்பதை உண்மையான ஒலியில் தேடி வைப்பீர்கள். விளைவு, மெலடிக்கும் பேஸுக்கும் நடுவே இருந்த இடம் ஓர் ஆக்டேவ் குறைந்துவிடும். நடுக் குரல்கள் அந்தச் சின்ன இடத்தில் முட்டிக்கொள்ளும்.

இறக்குவது தவறில்லை, பெரும்பாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். ஜிம்னோபெடியின் மெலடி உண்மையான உயரத்தில் 1/14இல் தொடங்கி 1/17க்குப் போகும். அங்கே இடது கை இருக்கும்போது கீழே கார்ட் பிடிக்க வழியே இல்லை. ஆகவே இறக்குங்கள், ஆனால் இறக்குகிறோம் என்று தெரிந்து இறக்குங்கள்.

சாதாரண கிளாசிக்கல் கிட்டாரின் பரப்பு ஆறாம் கம்பியின் ஈயிலிருந்து 1/19இன் பி வரை, ஏறக்குறைய மூன்றரை ஆக்டேவ். அதில் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் கழுத்து உடலோடு சேர்ந்துவிடுவதால், பேஸோடு சேர்த்து வாசிக்க அந்தப் பகுதியை நம்ப வேண்டாம்.

4. கீயை முடிவு செய்வது

முழுத் துண்டையும் புரட்டி இரண்டு பட்டியல் எடுங்கள்: அடிக்கடி வரும் பேஸ் நோட்டுகள், மெலடியின் மிக உயர்ந்த நோட். பேஸ் நோட்டுகளில் எத்தனை ஆறாம், ஐந்தாம், நான்காம் கம்பிகளின் ஓப்பன் நோட்டான ஈ, ஏ, டியில் விழுகின்றன என்று எண்ணுங்கள். ஓப்பன் பேஸ் கிடைத்தால் இடது கை முழுவதும் மேல் குரல்களுக்குக் கிடைக்கும். விரலை நகர்த்தினாலும் பேஸ் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

டி, ஜி, சி மேஜர்களிலும் ஈ, ஏ மைனர்களிலும் ஆறு ஓப்பன் கம்பியும் ஸ்கேலுக்குள் வரும். ஈ ஃப்ளாட் மேஜரில் டியும் ஜியும் மட்டும். ஏ ஃப்ளாட் மேஜரில் ஜி ஒன்றுதான். இப்படிப்பட்ட கீயில் மூலம் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸின் அஸ்துரியாஸ் என்ற துண்டு பியானோவில் ஜி மைனர். கிட்டாரில் எல்லோரும் வாசிப்பது ஈ மைனரில். காரணம் எளிது: விடாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் டி, ஈ மைனரில் பி ஆகிறது. அதுதான் ஓப்பன் இரண்டாம் கம்பி.

முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக் கீ முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் பிழை. நடுப்பகுதியில் துண்டு வேறு கீக்குத் தாவினால் உங்கள் வசதியெல்லாம் அங்கே தலைகீழாகும். அந்தப் பகுதியின் மிகக் கடினமான இரண்டு பாரை இப்போதே கிட்டாரில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஜிம்னோபெடி டி மேஜரிலேயே இருக்கட்டும்.

5. மெலடியும் பேஸும் மட்டும்

நடுவில் எதுவும் இல்லாமல் இந்த இரண்டு வரியை மட்டும் முழுத் துண்டுக்கும் எழுதுங்கள். பேஸுக்குத் தண்டு கீழே, மெலடிக்குத் தண்டு மேலே.

ஜிம்னோபெடியில் பேஸ் பாருக்கு ஒரே நோட், மூன்று பீட் நீளம்: ஜி, டி, ஜி, டி. முதல் நான்கு பார் முன்னிசை. ஐந்தாம் பாரில் மெலடி இரண்டாம் பீட்டில் நுழைகிறது: எஃப் ஷார்ப், ஏ. ஆறில் ஜி, எஃப் ஷார்ப், சி ஷார்ப். ஏழில் பி, சி ஷார்ப், டி. எட்டில் ஏ மட்டும், நீண்டு. ஓர் ஆக்டேவ் இறக்கினால் கிட்டாரில் 1/2, 1/5, 1/3, 1/2, 2/2, 2/0, 2/2, 2/3, 3/2.

இதை வாசித்து ஃபோனில் பதிவு செய்து, நொட்டேஷனைப் பார்க்காமல் கேளுங்கள். இந்த இரண்டு வரியிலேயே துண்டு அடையாளம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மெலடி என்று நீங்கள் நினைத்தது மெலடி இல்லை, அல்லது பேஸின் போக்கு எங்கோ உடைந்திருக்கிறது. நடுக் குரல் சேர்த்து அதைச் சரிசெய்ய முடியாது.

பேஸ் நோட் கிட்டாரின் பரப்புக்குக் கீழே போனால் ஓர் ஆக்டேவ் ஏற்றலாம். ஆனால் ஒரு ஃபிரேஸின், அதாவது ஓர் இசை வாக்கியத்தின், நடுவில் ஏற்றாதீர்கள். படிப்படியாக இறங்கி வரும் பேஸ் திடீரென்று மேலே குதித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஃபிரேஸின் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுங்கள்.

6. டியூனிங்

இப்போதுதான் டியூனிங்கை முடிவு செய்ய வேண்டும். மெலடியும் பேஸும் கையில் இல்லாமல் இதை ஊகிக்க முடியாது.

ஜிம்னோபெடியில் சாதாரண டியூனிங்கில் பேஸ் டி என்றால் 4/0. எட்டாம் பாரில் மெலடி 3/2இல் இருக்கிறது, அதற்குக் கீழே கார்டின் எஃப் ஷார்ப்பும் சி ஷார்ப்பும் வேண்டும். எஃப் ஷார்ப் இருப்பது 4/4இல். பேஸும் அதே கம்பி. இரண்டில் ஒன்றுதான் ஒலிக்கும். பேஸ் டியை 5/5க்குக் கொண்டுபோனால் எஃப் ஷார்ப் கிடைக்கும், ஆனால் சி ஷார்ப்புக்குக் கம்பி இல்லை. அந்த சி ஷார்ப்தான் இந்தக் கார்டுக்கே நிறம் கொடுப்பது.

ஆறாம் கம்பியை டிக்கு இறக்கினால், அதாவது டிராப் டி வைத்தால், நான்காம், ஐந்தாம் கம்பிகள் விடுதலையாகின்றன. மூலத்தின் அதே ஆழமான டி கிடைக்கிறது. விலையும் உண்டு: ஜி, 6/3இலிருந்து 6/5க்குப் போகிறது.

ஐந்தாம் கம்பியையும் ஜிக்கு இறக்கிவிட்டால் இரண்டு பேஸும் ஓப்பன் ஆகிவிடுமே என்று தோன்றும். ஆகும். ஆனால் எட்டாம் பாரின் சி ஷார்ப் 5/6க்குப் போய், 3/2 மெலடியோடு சேர்த்துப் பிடிக்க ஐந்து ஃபிரெட் விரிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஓப்பன் டியும் ஓப்பன் ஜியும் வெவ்வேறு கம்பிகளில் இருப்பதால், ஒவ்வொரு ஜி பாரிலும் முந்தைய டியைப் பெருவிரலால் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் டி பேஸாகவே கேட்கும். டிராப் டியில் இரண்டும் ஒரே ஆறாம் கம்பி என்பதால் இது தானாக நடக்கிறது. டிராப் டியே போதும்.

7. நடுக் குரல்கள்

எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விட வேண்டியது ஆக்டேவில் இரட்டித்த நோட்டுகள். அடுத்து கார்டின் ஐந்தாம் நோட். மூன்றாம் நோட்டையும் ஏழாம் நோட்டையும் கடைசிவரை காப்பாற்றுங்கள். கார்ட் மேஜரா மைனரா, அதன் நிறம் என்ன என்று சொல்பவை அவை. மெலடி அந்த பாரிலேயே சொல்லிவிட்ட நோட்டை நடுவில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே வைப்பது என்பது வேறு கேள்வி: மூலத்தின் ஆக்டேவிலேயே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

முன்னிசை. மூலத்தில் ஜி பேஸுக்கு மேல் பி, டி, எஃப் ஷார்ப். டி பேஸுக்கு மேல் ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப். முதல் கார்டை உள்ளது உள்ளபடி 6/5, 3/4, 2/3, 1/2 என்று பிடிக்கலாம். நான்கு விரல், நான்கு ஃபிரெட், பொருத்தமாக உட்காரும். பொறியே அதுதான். கார்டின் உச்சியில் இருக்கும் எஃப் ஷார்ப், நாம் இறக்கி வைத்த மெலடியின் முதல் நோட்டும்கூட. நான்கு பாராகக் கேட்டுக்கொண்டிருந்த நோட்டிலேயே மெலடி நுழைந்தால் அது நுழைந்ததே தெரியாது.

ஆகவே எஃப் ஷார்ப்பை ஓர் ஆக்டேவ் இறக்கி 4/4இல் வையுங்கள். ஜி பார்: 6/5 நான்காம் விரல், 4/4 மூன்றாம் விரல், 2/0. கார்டின் ஐந்தாம் நோட்டான டி போயிற்று, யாரும் தேட மாட்டார்கள். டி பார்: 6/0, 4/4 அதே மூன்றாம் விரல், 3/2, 2/2 இரண்டும் சுட்டுவிரலால் சின்ன பாரே (ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல கம்பிகளை அழுத்துவது). இரண்டு கார்டுக்கும் பொதுவான எஃப் ஷார்ப்பில் மூன்றாம் விரல் அசையாமல் இருப்பதால் மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும்.

ஐந்தாம் பார். மெலடி 1/2இலிருந்து 1/5க்குப் போக வேண்டும், அதற்கு நான்காம் விரல் தேவை. ஆகவே ஜியை மூன்றாம் விரலுக்கு மாற்றுங்கள். நடுவில் 4/0, 2/0 இரண்டும் ஓப்பன்; மூலத்தின் பியும் டியும்தான், டி மட்டும் ஓர் ஆக்டேவ் கீழே. எஃப் ஷார்ப் மெலடியே. சுட்டுவிரல் இரண்டாம் ஃபிரெட்டிலும் மூன்றாம் விரல் ஐந்திலும் இருப்பதால் கொஞ்சம் விரிக்க வேண்டும். பெருவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுவுக்கு இறக்கினால் எட்டும்.

ஆறாம் பார். பேஸ் 6/0, மெலடி 1/3 இரண்டாம் விரலால். சுட்டுவிரல் இரண்டாம் ஃபிரெட்டில் மூன்று கம்பிக்குப் பாரேயாக முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். இரண்டாம் பீட்டில் ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப் மூன்றும் அதே பாரேயில் கிடைக்கும். ஆனால் சி ஷார்ப்பை மீட்டாதீர்கள். மூன்றாம் பீட்டில் மெலடியாக வரப்போவது அதேதான். முன்பே ஒலித்துவிட்டால் மெலடி வந்ததாகவே இருக்காது.

ஏழாம் பார். முதல் பாரிலிருந்து நோட் நோட்டாக வந்தவர்கள் நிற்பது இங்கேதான். மெலடி இறங்கி, கார்ட் இருந்த இடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மூலத்தின் பி, டி, எஃப் ஷார்ப்பை அதே உயரத்தில் வைத்தால் மெலடிக்கு மேலே கார்ட் ஒலிக்கும். இப்போது மெலடியைப் பாருங்கள்: பி, சி ஷார்ப், டி. கார்டின் பியையும் டியையும் மெலடியே சொல்கிறது. சொல்லாதது எஃப் ஷார்ப் மட்டும். அதை மட்டும் 4/4இல் வையுங்கள். 6/5 நான்காம் விரல், 4/4 மூன்று, 2/2 ஒன்று, 2/3 இரண்டு. ஃபிரெட்டுக்கு ஒரு விரல்.

எட்டாம் பார். 6/0 பேஸ், 3/2 மெலடி சுட்டுவிரலால். மூன்றாம் விரல் 4/4இலேயே இருக்கிறது, இரண்டாம் விரலை 5/4இல் வைத்தால் சி ஷார்ப். இரண்டாம் பீட்டில் அந்த இரண்டையும் மெலடியைவிட மெதுவாக மீட்ட வேண்டும். மெலடி முதல் பீட்டிலேயே மீட்டப்பட்டுத் தேய்ந்துகொண்டிருக்கிறது. நடுக் குரல் சத்தமாக வந்தால் அதை விழுங்கிவிடும்.

8. பெடலும் நோட்டின் நீளமும்

பியானோவில் விரலை எடுத்த பிறகும் பெடல் பேஸைத் தாங்கிக்கொள்ளும். கிட்டாரில் அழுத்திய விரலை எடுத்த கணம் நோட் செத்துவிடும். ஆகவே எழுதிய ஒவ்வொரு பேஸ் நோட்டுக்கும், அது முடியும்வரை ஒரு விரல் அங்கே இருக்கிறதா என்று பார் பாராகச் சரிபாருங்கள். இல்லையென்றால் மூன்று வழி: அந்த பேஸை ஓப்பன் கம்பிக்குக் கொண்டுபோவது, நடுக் குரல் ஒன்றைக் குறைப்பது, அல்லது நீளத்தை நேர்மையாகக் குறைத்து எழுதுவது. மூன்று பீட் என்று எழுதிவிட்டு ஒரு பீட்டில் கைவிடுவது வாசிப்பவரை ஏமாற்றுவது.

நீண்ட மெலடி நோட் தேய்ந்துபோகும் இடத்தில் அதை மறுபடி மீட்டி நிரப்பும் ஆசை வரும். பெரும்பாலும் வேண்டாம். அதன் கீழே நடுக் குரல் நகர்ந்தாலே காது மெலடி நீள்வதாக எடுத்துக்கொள்ளும்.

9. விரல் எண்ணும் இறுதி நொட்டேஷனும்

ஒரே ட்ரெபிள் கிளெஃப் ஸ்டாஃபில் எழுதுங்கள், உண்மையான ஒலியைவிட ஓர் ஆக்டேவ் மேலே. டியூனிங் மாற்றத்தை முதல் வரிக்கு மேலே தெளிவாகக் குறியுங்கள். டிராப் டியில் ஜி 6/5 என்பது வாசிப்பவருக்குச் சட்டென்று தோன்றாது, அங்கே கம்பி எண் போடுங்கள். எல்லா நோட்டுக்கும் விரல் எண் போட்டால் பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். கை இடம் மாறும் இடத்திலும், இரண்டு வழி இருக்கும் இடத்திலும் போட்டால் போதும்.

மென்பொருளில் இரண்டு குரல்களைத் தனித்தனி வாய்ஸாக இடுங்கள். ஒன்றாகக் கலந்து இட்டால் எது மூன்று பீட் நீள்கிறது, எது ஒரு பீட்டில் முடிகிறது என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

10. சரிபார்ப்பு

உத்தேச வேகத்தில் பாதியில் முழுவதும் வாசியுங்கள். பாதி வேகத்திலும் ஓர் இடத்தில் நின்று விரல் தேட வேண்டியிருந்தால் பயிற்சி அதைத் தீர்க்காது. அந்த பாரை மறுபடி எழுத வேண்டும். மெதுவாக முடிகிறது, வேகத்தில் முடியவில்லை என்றால் அதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த பார் இல்லை, அதற்கு முந்தைய பாரில் கை நின்ற இடம். திருத்தத்தை அங்கே தொடங்குங்கள்.

பிறகு உங்களைவிடக் கொஞ்சம் குறைவாக வாசிக்கும் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கம்பி எண் விடுபட்டிருக்கும். எண் இருந்தும் தயங்கினால் நடுக் குரலில் இன்னும் ஒரு நோட் அதிகமாக இருக்கிறது.